போர்ட்லாந்து அலைகாட்டிகள்: ஒரு பழுதுநீக்கு மரபின் வரலாறு

வானொலியின் வரலாறும் தொலைக்காட்சியின் வரலாறும் கணிப்பொறியின் வரலாறும் பலமுறை எழுதப்பட்டுள்ளன. அவற்றை வடிவமைக்கவும் சரிபார்க்கவும் பொறியாளர்கள் நாள்தோறும் கையாண்ட அளவீட்டுக் கருவிகளின் வரலாறோ, அக்கருவிகளைப் பழுது நீக்கி இன்றும் இயக்கிவரும் ஆர்வலர்களின் கையில்தான் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. அக்கருவிகளுள் தலையாயது ஆஸிலோஸ்கோப் எனப்படும் அலைகாட்டி. நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஏறியிறங்கும் மின்னழுத்தத்தை, கிடையாகக் காலமும் நெடுக்காக மின்னழுத்தமும் அமைய, திரையில் ஒளிக்கோடாக வரைந்து காட்டுவது அதன் பணி. 1897இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய எதிர்மின்வாய்க் கதிர்க்குழாயே இதற்கு அடிப்படை: காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் எலக்ட்ரான் கற்றை, ஒளிரும் பூச்சுள்ள திரையில் மோதிப் புள்ளியாகத் தெரிகிறது, கற்றையை மின்புலத்தாலோ காந்தப்புலத்தாலோ வளைத்தால் புள்ளியும் நகர்கிறது. இந்த எளிய தத்துவத்தை நம்பகமான தொழிற்கருவியாக மாற்றியதில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகருக்குத் தனி இடம் உண்டு. அங்கே செய்யப்பட்ட கருவிகள் அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வீட்டு மேசைகளில் இயங்கிக்கொண்டிருப்பதற்கான காரணமும் அந்நகரில் அவை செய்யப்பட்ட முறையிலேயே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அலைகாட்டிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. நியூஜெர்சியில் ஆலன் டுமாண்ட் நடத்திய நிறுவனம் 1930களில் இத்துறையில் முன்னணியில் இருந்தது. ஆனால் அக்காலத்து அலைகாட்டிகள் பெரும்பாலானவற்றில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. திரையில் படம் அசையாமல் நிற்க வேண்டுமானால், புள்ளி இடமிருந்து வலம் ஓடும் ஒவ்வொரு முறையும் அலையின் அதே இடத்தில் ஓட்டம் தொடங்க வேண்டும். வீச்சு எனப்படும் இந்தக் கிடையோட்டம் அன்றைய கருவிகளில் ஓயாமல் தானாகவே நடந்துகொண்டிருந்தது. அதன் வேகத்தைக் குமிழைத் திருகித் திருகி அலையின் வேகத்தோடு பொருத்திப் படத்தை நிறுத்த வேண்டியிருந்தது. சீராகத் திரும்பத் திரும்ப வரும் அலைக்கு இந்த முறை போதும். எப்போதோ ஒருமுறை வந்து மறையும் துடிப்பைப் பார்க்க இது உதவாது. வீச்சின் வேகம் இன்னதென்று உறுதியாகத் தெரியாததால் திரையில் தெரிந்த படத்திலிருந்து நேரத்தை அளந்து படிக்கவும் வழியில்லை. போர்க்காலத்து ரேடார் ஆய்வு முழுவதும் இத்தகைய குறுந்துடிப்புகளைப் பற்றியதாக இருந்ததால், துடிப்பு வந்த கணத்தில் மட்டும் வீச்சைத் தொடங்கிவைக்கும் டிரிக்கர் முறை, அதாவது தூண்டல் முறை, அந்த ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தது.

இந்த அறிவைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஹோவர்ட் வாலம். போர்ட்லாந்தின் ரீட் கல்லூரியில் 1936இல் இயற்பியலில் பட்டம் பெற்ற இவர், மாணவராக இருந்தபோதே தமக்கென ஓர் அலைகாட்டியைக் கட்டியவர். பட்டம் பெற்றபின் அதே நகரில் ஜாக் மர்டாக் நடத்திவந்த வானொலிக் கடையின் பின்பகுதியில் வானொலிப் பெட்டிகளைப் பழுது நீக்கும் வேலையில் அமர்ந்தார். போர் மூண்டபோது வாலம் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவில் சேர்ந்து இங்கிலாந்தில் ரேடார் ஆய்வில் ஈடுபட்டார். மர்டாக் கடலோரக் காவல்படைக்குச் சென்றார். போர் முடிந்து ஊர் திரும்பிய இருவரும் மைல்ஸ் டிப்பரி, கிளென் மெக்டவல் ஆகியோருடன் சேர்ந்து 1946 ஜனவரியில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தனர். பழுதுநீக்கும் அறையிலிருந்து புறப்பட்ட நிறுவனம் இது என்ற செய்தி, வணிக வரலாறுகளில் ஒரு வரியோடு கடந்துபோகிறது. அதற்கு அதைவிடப் பெரிய முக்கியத்துவம் உண்டு. மூடிய பெட்டியைத் திறந்து, உள்ளே எது கெட்டது என்று தேடித் தேடிப் பழகிய ஒருவர் கருவி கட்டும்போது, அது ஒருநாள் கெடும் என்பதையும் யாரோ ஒருவர் அதைத் திறப்பார் என்பதையும் மறக்க மாட்டார்.

முதல் விற்பனைக் கருவியான 511, 1947இல் வெளிவந்தது. அதன் விலை 795 டாலர். முதல் கருவியை வாங்கியது போர்ட்லாந்திலிருந்த ஓரிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி. நொடிக்கு 1 கோடி அலைகள் வரை, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டவல்ல அக்கருவியில் தூண்டல் முறை வீச்சு இருந்தது. அதனினும் பெரிய மாற்றம், அதன் இரு அச்சுகளும் அளவு திருத்தப்பட்டிருந்ததுதான். திரையின் ஒரு கட்டம் இத்தனை மைக்ரோநொடி, இத்தனை வோல்ட் என்று குமிழைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நிலை வந்தபோது, படம் காட்டும் பெட்டியாக இருந்த அலைகாட்டி அளவீட்டுக் கருவியாக உயர்ந்தது. தொழிற்சாலை 1950களில் போர்ட்லாந்துக்கு மேற்கே பீவர்டன் பக்கம் இடம் மாறியது. கதிர்க்குழாய்களையும் மின்மாற்றிகளையும் வெளியில் வாங்காமல் தானே செய்துகொள்ளும் அளவுக்கு நிறுவனம் வளர்ந்தது.

இன்றைய ஆர்வலர்கள் மிகுந்த மதிப்போடு வைத்திருப்பவை, 1950களின் நடுவில் தொடங்கிய 530, 540 வரிசைக் கருவிகள். இவ்வரிசையைச் சேர்ந்த 545 அலைகாட்டி 30 கிலோ அளவு எடையும், அரைக் கிலோவாட் அளவு மின்சாரத் தேவையும், சுமார் 30 மெகாஹெர்ட்ஸ் திறனும் உடையது. உள்ளே வரும் சமிக்ஞையைப் பெருக்கும் முன்பகுதி, கழற்றி மாட்டக்கூடிய செருகு அலகாகச் செய்யப்பட்டிருந்ததால், ஒரே கருவி அலகை மாற்றுவதன் மூலம் இரண்டு சமிக்ஞைகளை ஒருங்கே காட்டவும், மிக நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கவும் பயன்பட்டது. செங்குத்துப் பெருக்கியில் பல வால்வுகள் தொடராக நின்று, ஒவ்வொன்றும் தன் பங்கை உரிய கணத்தில் அலையோடு சேர்க்கும் பரவல் பெருக்கி என்ற அமைப்பு இருந்தது. அதனை அடுத்து, சமிக்ஞையை 0.2 மைக்ரோநொடி பிந்தவைக்கும் தாமதத் தடம் இருந்தது. தூண்டிய வீச்சு தொடங்கச் சிறிது நேரம் ஆகும் என்பதால், அந்த நேரத்துக்குள் அலையின் முன்விளிம்பு கடந்துபோய்விடாமல் பிடித்துவைப்பதற்காக அமைக்கப்பட்டது இது. இத்தடத்தில் வரிசையாக அமைந்த சின்னஞ்சிறு திருத்து மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகத் திருகி, சதுர அலையின் மேல்தளம் மேடுபள்ளமின்றிச் சமமாகத் தெரியும் வரை சரிசெய்வது தொழிற்சாலை வல்லுநர்களின் பொறுமைக்கும் கைத்திறனுக்கும் அடையாளமாக இருந்தது. ஒன்றைத் திருகினால் அண்டையிலுள்ளதும் குலையும். ஆகவே கைபடாமல் நன்றாக இருக்கும் தடத்தைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை என்று அனுபவமுள்ள ஆர்வலர்கள் புதியவர்களை எச்சரிப்பதில் நியாயம் இருக்கிறது.

இக்கருவிகளின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் கண்ணில் படுவது வெண்பீங்கான் பட்டைகள். அச்சுப்பலகைகள் பரவலாகாத அக்காலத்தில், மேல்விளிம்பில் ஆப்பு வடிவப் பள்ளங்கள் வெட்டிய இரண்டு பீங்கான் பட்டைகளை இணையாக நிறுத்தி, அவற்றுக்கிடையே மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் ஏணிப் படிகள்போல் வரிசையாகக் கிடத்திப் பற்றவைத்தனர். ஒவ்வொரு பாகமும் வெளிச்சத்தில் தெரியும். எதைத் தொட வேண்டுமோ அதைப் பக்கத்திலுள்ளதைக் குலைக்காமல் தொடலாம். பள்ளங்களின் உட்புறம் வெள்ளிப் படலம் ஏற்றப்பட்டிருக்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரணப் பற்றாசைத் திரும்பத் திரும்ப உருக்கினால், அதிலுள்ள வெள்ளீயம் இந்த வெள்ளிப் படலத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். பிறகு அந்தப் பள்ளத்தில் பற்றாசு ஒட்டாது. அதைத் தடுக்க, சுமார் 3 விழுக்காடு வெள்ளி முன்கூட்டியே கலந்த பற்றாசைப் பயன்படுத்த வேண்டும் என்று கையேடு அறிவுறுத்தியதோடு, அந்தப் பற்றாசில் ஒரு சிறு சுருளைக் கருவிக்குள்ளேயே மாட்டி அனுப்பியது நிறுவனம். பல கருவிகளில் அச்சுருள் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. வாங்கியவர் என்றோ ஒருநாள் தேவைப்பட்டுத் தேடுவார் என்று எண்ணி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கப்பட்ட அந்தப் பற்றாசுச் சுருளைவிட அந்நிறுவனத்தின் மனப்பாங்கை எடுத்துக்காட்ட வேறு சான்று தேவையில்லை.

கையேடுகளையும் இதே மனப்பாங்கின் விளைவாகவே கருத வேண்டும். கருவியோடு வந்த நூலில் இயக்கும் முறை மட்டுமன்றி, ஒவ்வொரு மின்சுற்றும் எவ்வாறு வேலை செய்கிறது என்ற விளக்கமும், முழுச் சுற்றுப்படங்களும், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், அங்கே அலையின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்புகளும், பாகங்களின் பட்டியலும், அளவுத்திருத்த முறையும் அடங்கியிருந்தன. சில சுற்றுப்படங்களின் ஓரத்தில் வரைவாளர்கள் சிறு கேலிச்சித்திரங்களையும் வரைந்து வைத்திருந்தனர். வால்வுகளைப் பற்றிய அறிவுரை கவனிக்கத்தக்கது: வால்வுகளை ஒட்டுமொத்தமாக மாற்றக்கூடாது, ஐயமுள்ளதை நல்ல வால்வோடு மாற்றிப் பார்த்து, குறை அதனால் இல்லையென்றால் பழைய வால்வையே அதே குழியில் திரும்பச் செருகிவிட வேண்டும், ஏனெனில் சுற்று அந்த வால்வுக்கேற்பத் திருத்தப்பட்டிருக்கிறது. நிறுவனத்தின் பராமரிப்பு நிலையங்களில் தூசி படிந்த அலைகாட்டிகளைச் சோப்புநீர் தெளித்துக் கழுவி, நல்ல நீரில் அலசி, வெதுவெதுப்பான காற்றறையில் உலர்த்தும் வழக்கமும் இருந்தது. மின்கருவியைத் தண்ணீரில் கழுவுவது என்பது கேட்பவரைத் திடுக்கிடச் செய்யும். ஆயினும் பீங்கானும் கண்ணாடியும் உலோகமுமாகக் கட்டப்பட்ட கருவிக்கு, முழுமையாக உலர்த்தப்படுமானால், நீரால் தீங்கில்லை. ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு மின்கசிவை உண்டாக்கும் தூசியே கேடு. இந்த வழக்கத்தை ஆர்வலர்கள் இன்றும் கடைப்பிடிக்கின்றனர்.

ஆர்வலர் மரபு தனியாக ஊற்றெடுத்தது. போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட மின்னணுச் சரக்கு மலையாகக் குவிந்தது. நியூயார்க்கில் கார்ட்லாண்ட் தெருவைச் சுற்றியிருந்த ரேடியோ ரோ என்ற கடைவீதி, 1966இல் உலக வணிக மையத்துக்காக இடிக்கப்படும் வரை, இத்தகைய உபரிச் சரக்குக்குப் பெயர்பெற்றிருந்தது. மிச்சிகன் மாநிலத்துப் பென்டன் ஹார்பரில் ஹோவர்ட் ஆந்தனி நடத்திய ஹீத் நிறுவனம், இந்த உபரிப் பாகங்களைக் கொண்டே 1947இல் வாங்குபவர் தாமே பூட்டிக்கொள்ளும் அலைகாட்டிப் பாகத் தொகுப்பை 39.50 டாலருக்கு விற்றது. அதே ஆண்டில் வந்த 511இன் விலையில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. தரத்தில் இரண்டையும் ஒப்பிட இயலாது. ஆனால் அளவீட்டுக் கருவி என்பது பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும் உரியது என்ற நிலையை ஹீத்கிட் எனப்பட்ட இத்தொகுப்பு மாற்றியது. படித்தும் பூட்டியும் பழகிய அந்தத் தலைமுறையின் கைக்கு, டிரான்சிஸ்டர் கருவிகள் வந்தபின் ஆய்வுக்கூடங்கள் கழித்த டெக்ட்ரானிக்ஸ் வால்வு அலைகாட்டிகள் உபரி விலையில் வந்து சேர்ந்தன. 50 மெகாஹெர்ட்ஸ் திறனை ஒருவர் தூக்கிச் செல்லும் எடையில் தந்த 453, 1965இல் வெளிவந்தபோது, 30 கிலோ எடையுள்ள கருவியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிச் செல்ல வேண்டிய தேவை குறையத் தொடங்கியிருந்தது.

இவ்வாறு கைமாறிய 545 ஒன்றுக்கு மின்சாரம் தருவது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது, இக்கலையின் தன்மையை விளக்கும். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த கருவியை நேராக மின்சாரத்தில் செருகுவது தவறு. மின்வழங்கியிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளில் அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்பு. நெடுங்காலம் மின்னழுத்தம் படாமல் இருந்தால் அது நலிகிறது. குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினால் படலம் மீண்டும் உருவாகும். இதற்காக வேரியாக் போன்ற மாறு மின்மாற்றியில் கருவி முழுவதையும் மாட்டி மெல்ல ஏற்றும் பழக்கம் பரவலாக உண்டு. ஆனால் இவ்வகை அலைகாட்டிகளுக்கு அது முழுதும் பொருந்தாது. வால்வுகளின் சூடேற்றி இழைகள் முதலில் சூடாகி, சுமார் அரை நிமிடம் கழித்து ஒரு தாமத ரிலே மூடிய பிறகே உயர் மின்னழுத்தங்கள் இணையும்படி அமைந்திருப்பதால், குறைந்த மின்னழுத்தத்தில் அந்த ரிலேயும் நிலைப்படுத்திகளும் ஒழுங்காக வேலை செய்யா. எனவே ஒவ்வொரு மின்தேக்கியின் இணைப்பையும் விடுவித்து, வெளியிலிருந்து தனித்தனியாகப் புதுப்பித்து, கசிவு குறையாததை மட்டும் மாற்றுவதே செம்மையான முறை.

அதன்பின் ஆளியைப் போட்டதும் விசிறி சுழல்கிறது, வால்வுகளின் இழைகள் செம்மஞ்சளாக ஒளிர்கின்றன, சிறிது நேரம் கழித்து ரிலே 'டக்' என்று மூடும் ஒலி கேட்கிறது. பழகியவர் அப்போது திரையைப் பார்ப்பதில்லை. −150 வோல்ட் வழங்கியையே முதலில் அளக்கிறார். 545இல் +100, +225, +350, +500 வோல்ட் வழங்கிகள் யாவும் இந்த −150ஐ ஆதாரமாகக் கொண்டவை. அந்த −150ஓ, வாயு நிரப்பிய 5651 என்ற சிறு குழாயின் இரு முனைகளுக்கிடையே மாறாமல் நிற்கும் சுமார் 87 வோல்ட்டை ஆதாரமாகக் கொண்டது. ஒன்று பிறழ்ந்தால் அதைச் சார்ந்த அனைத்தும் பிறழும். ஆகவே வீச்சு வேகமும் பெருக்கமும் தவறாக இருப்பதைக் கண்டு ஆங்காங்கே திருகத் தொடங்குபவர், உண்மையில் ஒரே இடத்திலுள்ள குறையைப் பத்து இடங்களில் மறைத்துவைக்கிறார். வரிசை தவறாமல் அளப்பது, அளந்ததைக் கையேட்டோடு ஒப்பிடுவது, மின்வழங்கி நிலைபெற்ற பிறகே அடுத்த பகுதிக்குச் செல்வது என்ற ஒழுங்கு, தொழிற்சாலையின் அளவுத்திருத்தப் பிரிவிலிருந்து ஆர்வலர் மரபுக்கு அப்படியே வந்துசேர்ந்தது. கதிர்க்குழாயின் எதிர்மின்வாயில் −1350 வோல்ட்டும் மொத்த முடுக்கமாக 10,000 வோல்ட்டும் உள்ள பெட்டி இது என்பதால், ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மறுகையால் மட்டும் அளக்கும் பழைய வழக்கத்தையும் அவர்கள் விடுவதில்லை. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

முதுமையால் வரும் குறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. மெழுகும் தாளும் கொண்ட பழைய மின்தேக்கிகள் ஈரம் ஏறிக் கசிகின்றன. செலினியம் மின்திருத்திகள் நலிந்து, எரியும்போது தீய நாற்றமுள்ள நச்சுப்புகையை விடுகின்றன. டிரான்சிஸ்டர் காலத்துக் கருவிகளிலுள்ள துளி வடிவ டாண்டலம் மின்தேக்கிகள் முன்னறிவிப்பின்றிக் குறுக்கு இணைப்பாகி மின்வழங்கியைச் சாய்த்துவிடுகின்றன. 547 உள்ளிட்ட சில கருவிகளில், உயர் மின்னழுத்த மின்மாற்றியின் மேல் பூசிய எபாக்சி காலப்போக்கில் ஆற்றலை வீணாக்கும் தன்மை பெற்றது. கருவி குளிர்ந்திருக்கும்போது படம் தெளிவாக இருந்து, சூடேறச் சூடேற மின்மாற்றி திணறிப் படம் மங்கிப்போகும். மாற்று மின்மாற்றி கிடைக்காததால், பழைய உள்ளகத்தை எடுத்து, சுற்றுகளை எண்ணி, புதிய கம்பியைச் சுற்றிக் கட்டும் வேலையை ஆர்வலர்களே கற்றுக்கொண்டனர். 1957இல் லியோ எசாகி கண்டறிந்த டனல் டையோடு, 1960களின் தூண்டல் சுற்றுகளில் விரைவுக்காகப் பயன்பட்டது. அது கெட்டால், சோவியத் காலத்துக் கிடங்குகளிலிருந்து வந்த டனல் டையோடுகளைப் பொருத்திப் பார்க்கும் வழக்கம் உண்டானது. பனிப்போரின் ஒரு பக்கத்துக் கருவிக்கு மறுபக்கத்துப் பாகம் உயிர்கொடுப்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பழைய மின்தேக்கிகள் அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடும் பழக்கம் ஒரு சாராரிடம் உண்டு. இது விரைவான வழியாகத் தோன்றினும் இரு வகையில் தவறானது. மாற்றும்போது புதிய பிழைகள் நுழைந்து, எது பழைய குறை, எது புதிய குறை என்று பிரித்தறிய முடியாமற் போகிறது. கருவி எப்படிக் கட்டப்பட்டது என்ற சான்றும் அழிகிறது. அளந்து குற்றம் கண்டதை மட்டும் மாற்று என்று பழைய கையேடு வால்வுகளுக்குச் சொன்ன விதியே, மற்றப் பாகங்களுக்கும் சரியான விதி.

அளவுத்திருத்தம் தனியொரு தேடலாக வளர்ந்தது. அலைகாட்டியின் நேர அச்சைச் சரிபார்க்க, துல்லியமான இடைவெளியில் துடிப்புகளைத் தரும் காலக்குறி ஆக்கி தேவை. டெக்ட்ரானிக்ஸ் தன் பராமரிப்பு நிலையங்களுக்காகச் செய்த 180, 184 போன்ற அக்கருவிகளே இன்று சேகரிப்புப் பொருள்களாகிவிட்டன. அந்தக் காலக்குறி ஆக்கியைச் சரிபார்க்க இன்னும் துல்லியமான அலைவெண் வேண்டும். அமெரிக்க அரசின் WWV என்ற நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவெண்களில் ஒலிபரப்பும் தரச் சமிக்ஞையோடு தம் கருவியை ஒப்பிட்டவர்கள் முந்தைய தலைமுறையினர். செல்பேசி நிலையங்களிலிருந்து கழிக்கப்பட்ட, செயற்கைக்கோள் சமிக்ஞையால் நெறிப்படுத்தப்படும் அலைவாக்கிகளைப் பயன்படுத்துபவர்கள் இன்றைய தலைமுறையினர். மின்னழுத்தத்துக்கு, எட்வர்ட் வெஸ்டன் 1893இல் உருவாக்கிய, 20 டிகிரி செல்சியஸில் 1.0183 வோல்ட் தரும் பாதரச–காட்மியம் கலம் நெடுங்காலம் தரமாக விளங்கியது. ஒரு கருவியைச் சரிசெய்ய மற்றொன்று, அதைச் சரிபார்க்க இன்னொன்று என்று நீளும் இச்சங்கிலியில், அளவீடு என்பதன் பொருளையே இவர்கள் கைவழியாகக் கற்கின்றனர்.

1969இல் வந்த 7000 வரிசை, இம்மரபில் ஒரு பிளவுக்கோடு. குமிழ்களின் அளவுகளைத் திரையிலேயே எழுத்தாக எழுதிக்காட்டிய முதன்மையான கருவிகள் இவை. அந்த எழுத்துச் சுற்றை வடிவமைத்தவர் பேரி கில்பர்ட். டெக்ட்ரானிக்ஸ் தனக்கென்றே வடித்த ஒருங்கிணைந்த சில்லுகள் இக்கருவிகளுக்குள் புகுந்தன. வேகத்தில் அவை அரிய சாதனைகள். இவ்வரிசையின் 7104, 1970களின் இறுதியில் 1,000 மெகாஹெர்ட்ஸ் எல்லையைத் தொட்டது. ஆனால் வால்வை உலகின் எந்த மூலையிலிருந்தும் தேடி வாங்கலாம். ஒரே நிறுவனம் தனக்காகச் செய்து நிறுத்திவிட்ட சில்லை அவ்வாறு வாங்க முடியாது. 1980களின் 2465 அலைகாட்டியில் கிடைவீச்சை வெளியேற்றும் சில்லு சூட்டில் நலிவது பெயர்பெற்ற குறை. அதற்கு மாற்று, செத்த மற்றொரு 2465இலிருந்து பிடுங்கிய சில்லுதான். அதன் பின்வந்த 2465பியில் அளவுத்திருத்த எண்கள் உள்மின்கலம் கொண்ட நினைவகச் சில்லில் எழுதப்பட்டிருந்தன. பத்தாண்டு ஆயுள் என்று சொல்லப்பட்ட அம்மின்கலம் ஓய்ந்தால், எந்தப் பாகமும் கெடாமலே கருவி தன் அளவுகளை மறந்துவிடும். ஆகவே மின்கலம் ஓயும் முன்பே எண்களைப் படித்து எடுத்துவைப்பது இன்றைய பராமரிப்பின் முதல் படி. காலத்தால் மூத்த 545 எளிதில் பிழைக்கிறது. அதற்குப் பின் பிறந்த கருவிகள் பிழைப்பது அரிதாகிறது.

இந்த ஈடுபாட்டை வெறும் பழம்பொருள் மோகமாகக் கருத இடமில்லை என்பதற்கு ஜிம் வில்லியம்ஸின் வாழ்வு சான்று. லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் புகழ்பெற்ற மின்சுற்று வடிவமைப்பாளரான இவர் (1948–2011), பழைய டெக்ட்ரானிக்ஸ் கருவிகளைத் திரட்டிப் பழுது நீக்கிப் பணியிலும் வீட்டிலும் பயன்படுத்தியவர். 1991இல் அவர் தொகுத்த நூலில், வில்லியம் ஹியூலெட் 1939இல் அலைவாக்கி ஒன்றில் சாதாரண மின்விளக்கின் இழையையே அலையின் அளவை நிலைப்படுத்தும் தடையாக வைத்த நுட்பத்தைத் தம் மேசையில் மீண்டும் கட்டி ஆராய்ந்து எழுதினார். இழை சூடேறினால் அதன் தடை உயரும். அலை பெரிதானால் இழை சூடேறி, உயர்ந்த தடை அலையை மீண்டும் அடக்கிவிடும். ஹியூலெட்–பேக்கர்டு நிறுவனத்தின் முதல் விற்பனைக் கருவிக்கு அடிப்படையான இந்தச் சுற்றின் வழிவந்த எட்டு அலைவாக்கிகளை, ஃபேண்டசியா திரைப்படத்தின் ஒலிப்பணிக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் வாங்கியது. பழைய கருவியைத் திறந்து ஒரு சிந்தனையைப் படித்து, அதிலிருந்து புதிய சுற்றுகளை உருவாக்கியவர் வில்லியம்ஸ். அவர் மறைந்த 2011ஆம் ஆண்டிலேயே அவருடைய பணிமேசை, கலிஃபோர்னியாவின் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

மர்டாக் 1971இல் கொலம்பியா ஆற்றில் நேர்ந்த விமான விபத்திலும் வாலம் 1986இலும் மறைந்தனர். டெக்ட்ரானிக்ஸ் 2007இல் டானஹர் குழுமத்தின் கைக்குச் சென்றது. முன்னாள் ஊழியர்கள் ஒன்றுகூடி ஓரிகனில் விண்டேஜ்டெக் என்ற அருங்காட்சியகத்தை நிறுவி, பழைய கருவிகளையும் ஆவணங்களையும் தன்னார்வத்தோடு காத்துவருகின்றனர். வால்வு அலைகாட்டிகளுக்கு இனி அச்சமில்லை; அவற்றின் கையேடுகள் பரவிவிட்டன, அவற்றை அறிந்தவர்களும் உலகெங்கும் உள்ளனர். 1970களிலும் 1980களிலும் வடித்த சில்லுகளின் உட்சுற்றுகளும் அவற்றைச் சோதித்த முறைகளும் அவ்வாறு எழுதிப் பரப்பப்படவில்லை. அவற்றை வடிவமைத்தவர்களும் சோதித்தவர்களும் முதுமை எய்திவிட்டனர். அவர்களிடமுள்ள குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் வாய்மொழிச் செய்திகளையும் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்வது அருங்காட்சியகங்களின் கடமை. கருவியைத் திறக்கும் ஒவ்வோர் ஆர்வலரும் தாம் மாற்றிய பாகத்தின் எண்ணையும், மாற்றிய நாளையும், மாற்றியதற்கான காரணத்தையும் ஒரு தாளில் எழுதி, பற்றாசுச் சுருளுக்கு அருகே உள்ளேயே வைத்து மூட வேண்டும்.